அளக்கும் முன்பே தேர்வாகும் சோதனை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ நகர மனநல விடுதியில் இருந்த நோயாளிகளுக்குத் தூக்க மருந்துகளைக் கொடுத்து, வழக்கத்தைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று கணக்கெடுத்தார்கள். குஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் 1905-இல் அந்தத் தரவை வெளியிட்டார்கள். மூன்றாண்டு கழித்து, டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்துவந்த வில்லியம் கோசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில் அவர்களுள் பத்துப் பேரின் எண்களை எடுத்தாண்டார். இன்று உளவியல், கல்வியியல், விலங்கு நடத்தையியல் என எல்லாத் துறையிலும் புழங்கும் டி-சோதனை அந்தக் கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான்.

முதல் மருந்தில் அந்தப் பத்துப் பேரும் சராசரியாக 0.75 மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். இரண்டாவதில் 2.33 மணி. வித்தியாசம் 1.58 மணி. இது மருந்தின் வேலையா, தற்செயலா? இருபது எண்களையும் இரு வேறு கூட்டத்தாரின் எண்களாகக் கொண்டு டி-சோதனை செய்தால் பி-மதிப்பு 0.079 வருகிறது. வழக்கமான 0.05 எல்லைக்குள் அது வரவில்லை. வேறுபாட்டுக்குப் போதிய சான்று இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ஆனால் இரண்டு மருந்தையும் சாப்பிட்டவர்கள் அதே பத்துப் பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டாம் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்துப் பார்த்தால் ஒன்பது பேருக்குத் தூக்கம் கூடியிருக்கிறது, ஒருவருக்குச் சமமாக இருக்கிறது, யாருக்கும் குறையவில்லை. இந்தப் பத்து வித்தியாசங்களின் மேல் இணைச் சோதனை செய்தால் பி 0.0028.

எண்கள் மாறவில்லை. முதல் கணக்கில், ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு மருந்துகளுக்கு இடையிலான வேறுபாட்டை மூடிவிட்டது. முதல் மருந்தில் ஒருவர் 3.7 மணி அதிகம் தூங்கினார், இன்னொருவருக்கு 1.6 மணி குறைந்தது. கழித்தலின்போது ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாகிவிடுவதால் அந்த இரைச்சல் அடங்குகிறது. எந்தக் கணக்கு சரி என்பதை எண்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. மருந்து யாருக்கு எப்படிக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்தவர்தான் சொல்ல முடியும். நடத்தை ஆய்வில் எந்தச் சோதனை பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது தரவு வந்த பிறகு மென்பொருளின் பட்டியலில் தேடும் வேலை இல்லை. யாரை, எதை, எத்தனை முறை அளப்பது என்று திட்டமிட்ட அன்றே அது தீர்ந்துவிடுகிறது.

பி எதைச் சொல்கிறது

இதைப் புரிந்துகொள்ள ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் எழுதிய 'சோதனைகளின் வடிவமைப்பு' நூலின் தேநீர்ச் சோதனையைவிட நல்ல வழி இன்றும் இல்லை. கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா, டிக்காஷனை ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் கலைத்துக் கொடுக்கிறார்கள். பால் முதலில் ஊற்றிய நான்கையும் அவர் பிரித்துக் காட்ட வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். ஒன்றும் தெரியாமல் கை போன போக்கில் எடுத்தாலும் நான்கும் சரியாக அமைய 70-இல் 1 வாய்ப்பு, அதாவது 0.014. மூன்று சரி, ஒன்று தவறு என்றால்? அப்படி அமைய 16 வழிகள். முழுவதும் சரியான ஒன்றையும் சேர்த்தால் 17. 17-ஐ 70-ஆல் வகுத்தால் 0.24. நான்கில் மூன்று என்பது காதுக்குப் பெரிதாகக் கேட்டாலும், ஒன்றும் தெரியாதவருக்கும் நான்கு முறைக்கு ஒரு முறை அமையக்கூடியதுதான்.

பி-மதிப்பு என்பது இவ்வளவே. 'இங்கே விளைவு எதுவும் இல்லை' என்ற இன்மைக் கருதுகோளை உண்மையென்று வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ வேறுபாடு தற்செயலாகத் தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கிறோம். விடை சிறியதாக இருந்தால் அந்தக் கருதுகோளும் இந்தத் தரவும் ஒத்துப்போகவில்லை. கருதுகோள் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி. அதற்குப் பி பதில் சொல்வதில்லை. பி 0.03 என்றால் 'என் முடிவு சரியாக இருக்க 97 விழுக்காடு வாய்ப்பு' என்று பொருள் இல்லை. மீண்டும் செய்தால் 97 விழுக்காடு இதே முடிவு வரும் என்றும் பொருள் இல்லை.

இந்தத் தவறு மாணவர்களோடு நிற்பதில்லை. ஹாலரும் கிராஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மனியின் ஆறு பல்கலைக்கழக உளவியல் துறைகளில் பி-மதிப்பைப் பற்றி ஆறு கூற்றுகளைக் கொடுத்து, எவை சரி என்று கேட்டார்கள். ஆறுமே தவறானவை. மாணவர்களில் ஒருவர்கூட விதிவிலக்கில்லாமல், எல்லோரும் குறைந்தது ஒன்றையாவது சரியென்றார்கள். ஆய்வாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரும், புள்ளியியல் முறையியலையே கற்பிக்கும் ஆசிரியர்களில் 80 விழுக்காட்டினரும் அப்படியே. கற்பிப்பவர்களிடமே குழப்பம் இருக்கும்போது மாணவரைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

குழப்பத்துக்கு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. ஃபிஷருக்குப் பி என்பது ஒற்றைக் கருதுகோளுக்கு எதிரான சான்றின் அளவு. இருபதில் ஒன்று என்பதை அவர் வசதியான எல்லையாக 1925-இல் சொல்லிவைத்தார். 1933-இல் ஜெர்சி நேமனும் ஈகன் பியர்சனும் கேட்டது வேறு: பல முறை முடிவெடுக்கும் ஒருவர் நீண்ட ஓட்டத்தில் எத்தனை முறை தவறுவார்? இல்லாததை இருப்பதாகச் சொல்வது முதல் வகைப் பிழை. இருப்பதைக் காணாமல் விடுவது இரண்டாம் வகை. இரண்டையும் முன்கூட்டியே எடைபோட்டு எல்லையை வகுக்கச் சொன்னார்கள். ஃபிஷர் இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. பின்னால் வந்த பாடநூல்கள் இரண்டையும் ஒரே முறையாகக் கலந்து, ஆசிரியர் பெயரில்லாமல் மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டன.

0.05-இன் உண்மையான எடையை ஒரு கற்பனைக் கணக்கு காட்டும். ஆயிரம் கருதுகோள்களைச் சோதிக்கிறோம். அவற்றில் நூறு மட்டுமே உண்மை என்று வைத்துக்கொள்வோம். உண்மையான விளைவைக் கண்டுபிடிக்கும் திறன் 50 விழுக்காடு என்றால் நூறில் 50 சிக்கும். மீதி 900-இல், விளைவே இல்லாதபோதும், ஐந்து விழுக்காடான 45 எல்லைக்குள் வரும். வெற்றி என்று கொண்டாடும் 95 முடிவுகளில் 45 வெறும் தற்செயல். பிழை ஐந்து விழுக்காடுதான் என்று நம்புகிறவர் பாதிக்குப் பாதி ஏமாறுகிறார்.

யாரை, எதை, எத்தனை முறை

ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் எக்செல் தாளை முழுக்க நிரப்பிய பிறகுதான் புள்ளியியல் தெரிந்தவரைத் தேடிப் போகிறார்கள். "இதுக்கு எந்த டெஸ்ட் போடணும் சார்?" என்பது முதல் கேள்வி. அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியது: இந்தத் தாளில் ஒரு வரிசை என்பது ஓர் ஆளா, ஓர் ஆளின் ஒரு விடையா?

அடிப்படைத் தேர்வு சிக்கலானதல்ல. இரண்டு தனித்தனிக் குழுக்களின் சராசரியை ஒப்பிடத் தனிமாதிரி டி-சோதனை. அதே ஆட்களை முன்னும் பின்னும் அளந்திருந்தாலோ, கணவன் மனைவி, இரட்டையர் போல இணைத்து எடுத்திருந்தாலோ இணைச் சோதனை. குழு இரண்டுக்கு மேல் போனால் மாறுபாட்டுப் பகுப்பாய்வு எனப்படும் அனோவா. அதே ஆட்களையே மூன்று முறை அளந்தால் மீள் அளவை அனோவா. ஆம்-இல்லை, தேர்ந்தான்-தவறினான் என்று எண்ணிக்கையாக வருவதற்கு 1900-இல் கார்ல் பியர்சன் தந்த கை-வர்க்கச் சோதனை. கட்டங்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை மிகவும் குறைவாக இருந்தால் ஃபிஷரின் துல்லியச் சோதனை. இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க ஒட்டுறவு. இவை எந்த நூலிலும் கிடைக்கும். நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் ஒரு நிபந்தனைதான் நடைமுறையில் அதிகமான ஆய்வுகளைக் கெடுக்கிறது: அளவுகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும்.

ஒரு பள்ளியில் நான்கு வகுப்புகள். இரண்டு வகுப்புக்குக் கவனப் பயிற்சி, இரண்டு வகுப்புக்கு இல்லை. வகுப்புக்கு 30 பேர், மொத்தம் 120. மாணவர் 120 பேர் என்று சொல்லி டி-சோதனை செய்வது நாள்தோறும் நடக்கிறது. ஆனால் ஒரே வகுப்பில் இருப்பவர்களுக்கு ஆசிரியர் ஒருவர், நேர அட்டவணை ஒன்று, சத்தம் ஒன்று. அவர்கள் ஒருவரையொருவர் கொஞ்சம் ஒத்திருப்பார்கள். இந்த ஒப்புமையின் அளவு 0.1 என்ற சிறிய எண்ணாக இருந்தாலே கணக்கு என்ன ஆகிறது பாருங்கள். வகுப்பில் ஓர் ஆளைத் தவிர்த்த 29-ஐ 0.1-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 3.9. 120-ஐ அதால் வகுத்தால் 31. நூற்றிருபது பேரின் தரவுக்கு முப்பத்தொரு பேரின் பலம்தான். பயிற்சியை வகுப்புக்கு வகுப்பு பிரித்துக் கொடுத்ததால், கண்டிப்பாகப் பேசினால், பக்கத்துக்கு இரண்டு வகுப்புகள் மட்டுமே கொண்ட ஆய்வு அது. எந்த மென்பொருளும் இதை எச்சரிக்காது. ஒரே ஈற்றில் பிறந்த எலிக்குட்டிகளைத் தனித்தனி விலங்குகளாக எண்ணும் ஆய்வகத்திலும் இதே தவறுதான் நடக்கிறது.

கை-வர்க்கச் சோதனையில் இது இன்னும் சுலபமாக நுழைந்துவிடும். நாற்பது பேர் ஆளுக்குப் பத்து முறை படம் தேர்ந்தெடுத்தால் நானூறு தேர்வுகள். நானூறையும் கட்டங்களில் போட்டுக் கணக்கிட்டால் ஒரே ஆளைப் பத்துப் பேராக எண்ணியதாகும். லூயிஸ், பர்க் என்ற இருவர் 1949-லேயே உளவியல் ஆய்வேடுகளில் இந்தத் தவறு மலிந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரே ஆட்களின் ஆம்-இல்லை விடை முன்னும் பின்னும் மாறுகிறதா என்று பார்க்க மெக்னிமார் சோதனை 1947 முதல் இருக்கிறது. மறந்துபோனவர்கள்தான் அதிகம்.

அடுத்தது, அளந்தது எப்படிப்பட்ட எண் என்ற கேள்வி. எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946-இல் அளவைகளை நான்கு வகையாகப் பிரித்தார்: பெயர் மட்டும், வரிசை, சம இடைவெளி, விகிதம். 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரையான லிக்கர்ட் விடைகள் வரிசை எண்கள். அவற்றுக்குச் சராசரி எடுக்கலாமா என்ற வாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. ஃபிரெடரிக் லார்ட் 1953-இல் கால்பந்து வீரர்களின் சட்டை எண்களை வைத்து எழுதிய சிறு கட்டுரையில், எண்ணுக்குத் தான் எங்கிருந்து வந்தோம் என்பது தெரியாது என்று வாதிட்டார். பத்துப் பன்னிரண்டு கேள்விகளைக் கூட்டி உருவாக்கிய மதிப்பெண்ணுக்கு டி-சோதனை பெரும்பாலும் பொருந்தும் என்பதே என் கருத்து. ஒற்றைக் கேள்விக்கு ஐந்தே விடைகள், அவையும் ஒரு முனையில் குவிந்திருக்கின்றன என்றால் சராசரியை நம்பக்கூடாது. அங்கே வரிசை முறைகளுக்குப் போக வேண்டும்.

வரிசை முறைகளைப் பற்றியும் ஒரு தவறான ஆறுதல் உலவுகிறது. வில்காக்சன் 1945-இலும், மேன், விட்னி இருவரும் 1947-இலும் தந்த சோதனைகள் இயல்நிலைப் பரவலை எதிர்பார்ப்பதில்லை என்பது உண்மை. அதனால் 'மாதிரி சிறியது, ஆகவே மேன்-விட்னி' என்று எழுதிவிடுகிறார்கள். குழுவுக்கு மூன்று பேர் என்றால் ஆறு எண்களை இரண்டாகப் பிரிக்க 20 வழிகள்தான். இரண்டு குழுவும் துளிகூடக் கலக்காமல் பிரிந்து நின்றாலும் இருமுனைச் சோதனையில் பி 0.1-க்குக் கீழே போகவே முடியாது. வில்காக்சன் இணைச் சோதனையில் ஐந்து இணைகள் இருந்தால் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த பி 0.0625. ஆய்வு தொடங்கும் முன்பே தோல்வி உறுதியாகியிருக்கிறது. மேலும், மேன்-விட்னி இடைநிலை அளவுகளை ஒப்பிடும் சோதனை என்று எழுதுவதும் பொதுவாகச் சரியில்லை. ஒரு குழுவிலிருந்து எடுத்தவர் மற்றதிலிருந்து எடுத்தவரைவிட மேலே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அதன் கேள்வி. இரு குழுவின் பரவல் வடிவமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அதை இடைநிலை பற்றிய கூற்றாகப் படிக்கலாம்.

இயல்நிலைப் பரவல் பற்றிய கவலை ஒருபக்கம் மிகையாகவும் இருக்கிறது. தியோடர் மிச்சேரி 1989-இல் உளவியல், கல்வி சார்ந்த 440 பெரிய தரவுத் தொகுதிகளைப் பார்த்தார். உண்மையான இயல்நிலை வடிவம் ஒன்றிலும் இல்லை. மாதிரி ஓரளவு பெரிதாக இருந்து, கடும் கோணலோ தனித்து நிற்கும் எண்களோ இல்லாவிட்டால் டி-சோதனை தாங்கிக்கொள்ளும். அது தாங்காதது வேறொன்று. இரு குழுவின் பரவல் அகலமும் வேறாக இருந்து, ஆட்களின் எண்ணிக்கையும் வேறாக இருந்தால், குறிப்பாகச் சிறிய குழுவின் எண்கள் அதிகம் சிதறியிருந்தால், பழைய டி-சோதனை இல்லாத வேறுபாட்டை அடிக்கடி இருப்பதாகச் சொல்லும். 1947-இல் வெல்ச் தந்த திருத்தம் இதைச் சரிசெய்கிறது. இழப்பு ஏறக்குறைய இல்லை. முதலில் சமபரவல் சோதனை, அதில் தேறினால் ஒன்று, தவறினால் மற்றொன்று என்ற இரண்டு படி வழக்கத்தை விட்டுவிட்டு எப்போதும் வெல்ச் வடிவத்தையே பயன்படுத்துங்கள் என்று டெலாக்கர், லேக்கன்ஸ், லேஸ் ஆகியோர் 2017-இல் உளவியலாளர்களிடம் வாதிட்டார்கள். நானும் மாணவர்களுக்கு அதையே சொல்வேன்.

குழுக்கள் மூன்றாகும்போது இணை இணையாக டி-சோதனை செய்வதில் உள்ள ஆபத்து பலருக்கும் தெரிந்ததுதான். ஐந்து குழுக்களுக்குப் பத்து ஒப்பீடுகள்; எங்கும் வேறுபாடே இல்லாவிட்டாலும் ஒன்றாவது எல்லைக்குள் வந்துவிடும் வாய்ப்பு பெரிதாகிவிடுகிறது. அதற்குத்தான் அனோவாவும், அதன் பின் டூக்கி போன்ற ஒப்பீட்டு முறைகளும். அதிகம் பேசப்படாத பிழை வேறு. பயிற்சி பெற்ற குழுவில் முன்-பின் வேறுபாடு பி 0.03, பெறாத குழுவில் பி 0.2. 'ஆகவே பயிற்சி பலித்தது' என்கிறது ஆய்வேடு. இரண்டு மாற்றங்களையும் ஒன்றோடொன்று யாரும் ஒப்பிடவே இல்லை. முதல் குழுவில் 4 மதிப்பெண்ணும் இரண்டாவதில் 3 மதிப்பெண்ணும் கூடியிருந்தால்கூட இப்படி வரலாம். நீவன்ஹவுஸ் குழுவினர் 2011-இல் முன்னணி இதழ்களின் 513 நரம்பியல் கட்டுரைகளைப் பார்த்தார்கள். இந்தத் தவறைச் செய்ய வாய்ப்பிருந்தவை 157. அவற்றில் சரியாகச் செய்தவை 78, தவறியவை 79. உலகின் முதல்தர இதழ்களிலேயே நிலைமை இது. செய்ய வேண்டியது எளிது: ஒவ்வொருவரின் மாற்றத்தையும் கணக்கிட்டு, இரு குழுவின் மாற்றங்களுக்கு இடையே ஒரே ஒரு சோதனை.

எவ்வளவு பெரிது, எத்தனை பேர்

நாற்பது பேரிடம் ஒட்டுறவு 0.3 என்றால் பி 0.06. ஆயிரம் பேரிடம் 0.1 என்றால் பி 0.0015. இரண்டாவது 'மிகவும் முக்கியமானது' என்று நட்சத்திரக் குறியோடு அச்சாகும். ஆனால் ஓர் அளவின் ஏற்ற இறக்கத்தில் ஒரு விழுக்காட்டைத்தான் அது விளக்குகிறது. பி-மதிப்பில் விளைவின் அளவும் ஆட்களின் எண்ணிக்கையும் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டாத ஆய்வேட்டை வாசித்துப் பயனில்லை.

ஜேக்கப் கோஹன் இதற்காக ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் போராடினார். 1962-இல் ஒரு முன்னணி உளவியல் இதழின் ஓராண்டுக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தபோது, நடுத்தர அளவு விளைவைக் கண்டுபிடிக்க அவற்றுக்குச் சராசரியாகப் பாதி வாய்ப்புத்தான் இருந்தது. நாணயத்தைச் சுண்டிவிட்டு ஆய்வு செய்வது போன்றது அது. அவர் தந்த அளவுகோலில் சராசரி வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது. 0.05 எல்லையில், 80 விழுக்காடு திறனோடு, பெரிய விளைவைக் காணக் குழுவுக்கு 26 பேர் போதும். நடுத்தரத்துக்கு 64 பேர் வேண்டும். சிறியதற்கு ஏறக்குறைய 390 பேர். குழுவுக்கு முப்பது பேர் என்று நம் ஆய்வேடுகளில் வழிவழியாக வரும் எண்ணிக்கை பெரிய விளைவுகளுக்கு மட்டுமே போதுமானது. நடத்தை ஆய்வில் அப்படிப்பட்ட விளைவுகள் அபூர்வம். சிறிய மாதிரியில் 0.05 எல்லைக்குள் வரும் விளைவு உண்மையைவிடப் பெரிதாகத்தான் தெரியும். சிறிதாக இருந்திருந்தால் அது எல்லைக்குள் வந்திருக்காது.

சான்று இல்லை என்பதும் வேறுபாடு இல்லை என்பதும் ஒன்றல்ல. பி 0.31 என்பதுபோல 0.05-க்கு மேலே வந்தால் 'இரு குழுவும் சமம்' என்று எழுதும் வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. வேறுபாடு எவ்வளவு இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியைப் பார்த்தால் நிலவரம் தெரியும். மைனஸ் 1 முதல் 9 மதிப்பெண் வரை அது நீண்டு கிடந்தால் ஆய்வு எதையும் சொல்லவில்லை. மைனஸ் 0.5 முதல் 0.8 வரை சுருங்கியிருந்தால் வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். அதை முறையாகச் சொல்லவே சமநிலைச் சோதனை இருக்கிறது: எவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பொருட்படுத்த மாட்டோம் என்று முன்பே எழுதிவைத்துவிட்டு, உண்மை அந்த எல்லைக்குள் அடங்குகிறதா என்று சோதிப்பது.

எண்ணைத் துரத்தும் பழக்கம்

2011-இல் டேரில் பெம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஒன்பது சோதனைகளை உளவியலின் மிக மதிப்புள்ள இதழ்களில் ஒன்றில் வெளியிட்டார். இன்னும் நடக்காததை மனிதர்கள் உணர முடிகிறது என்பது முடிவு. திரைக்குப் பின்னால் எந்தப் பக்கம் பாலியல் படம் வரப்போகிறது என்பதை 53.1 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். தற்செயல் என்றால் 50. ஒன்பதில் எட்டில் பி 0.05 எல்லைக்குள் வந்திருந்தது. பயன்பட்ட சோதனைகள் எல்லோரும் பயன்படுத்தும் டி-சோதனைகள்தான். துறை அதிர்ந்துபோனதற்குக் காரணம் முடிவு மட்டும் இல்லை. அதே வழியில் வந்த மற்ற முடிவுகளை இனி எப்படி நம்புவது என்ற கேள்வி எழுந்தது.

அதே ஆண்டு சிமன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் அதற்கு விடை தந்தார்கள். இரண்டு அளவுகளை எடுத்து நல்லதை மட்டும் சொல்வது, எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது, ஆண் பெண் என்று பிரித்துப் பார்ப்பது, மூன்று நிலைகளில் ஒன்றை விட்டுவிடுவது: இந்த நான்கும் சேர்ந்தால், விளைவே இல்லாதபோது 0.05-க்குள் ஏதாவது ஒன்று வரும் வாய்ப்பு 61 விழுக்காடு. ஒருவரும் பொய் சொல்லவில்லை, எண்ணை மாற்றவில்லை. இடையிடையே எட்டிப்பார்ப்பதன் விலையை ஆர்மிட்டேஜ் குழுவினர் 1969-லேயே கணக்கிட்டுவிட்டார்கள். ஐந்து முறை பார்த்து, எல்லையைத் தொட்டதும் நிறுத்தினால் ஐந்து விழுக்காட்டுப் பிழை 14 ஆகிவிடும்.

2015-இல் திறந்த அறிவியல் கூட்டமைப்பு நூறு உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு 0.05 எல்லைக்குள் வந்தவை. மறுசெய்தவற்றில் 36 விழுக்காடு. விளைவின் அளவும் சராசரியாகப் பாதியாகக் குறைந்தது. மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற புகழ்பெற்ற கருத்தை 2016-இல் 23 ஆய்வகங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது கிடைத்த விளைவு கோஹனின் அளவுகோலில் 0.04; கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்தக் கருத்தின் மேல் எத்தனை பேர் தங்கள் முனைவர் பட்ட ஆண்டுகளைச் செலவழித்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

என்ன செய்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு சமூக உளவியல் இதழ் 2015-இல் பி-மதிப்பையே தடைசெய்தது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் ஆறு கோட்பாடுகளை வெளியிட்டு, பி-மதிப்பை மட்டும் வைத்து அறிவியல் முடிவு எடுக்கக்கூடாது என்றது. எழுபதுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் புதிய கண்டுபிடிப்புகளுக்கு எல்லையை 0.005 ஆக்கச் சொன்னார்கள். பேயீசிய முறைக்கு மாறச் சொல்பவர்களும் உண்டு. இரண்டு கருதுகோள்களில் எதைத் தரவு எவ்வளவு ஆதரிக்கிறது என்று அது நேரடியாகச் சொல்வது பெரிய வசதி. தடை தீர்வாகாது என்று நினைக்கிறேன். பி-யை எடுத்துவிட்டு வெறும் சராசரிகளை வைத்துப் பேசினால் தற்செயலுக்கு எதிரான ஒரே காவலும் போய்விடும். எல்லையை இறக்குவதும் சிறிய மாதிரிகளை வைத்திருப்பவர்களை இன்னும் அதிகமாக எண்ணைத் துரத்த வைக்கலாம்.

பலன் தெரிவது வேறொரு மாற்றத்தில். 2013 முதல் சில இதழ்கள், தரவு எடுக்கும் முன்பே கேள்வி, மாதிரி, சோதனை எல்லாவற்றையும் எழுதி வாங்கி, மதிப்பிட்டு, முடிவு எதுவாக இருந்தாலும் வெளியிடுகிறோம் என்று உறுதி தருகின்றன. ஆன் ஷீல் குழுவினர் 2021-இல் ஒப்பிட்டார்கள்: வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96 விழுக்காடு தங்கள் முதல் கருதுகோளை உறுதி செய்தன, இப்படி முன்பதிவு செய்தவற்றில் 44 விழுக்காடு.

நம் பல்கலைக்கழகங்களில் இதற்கென்று புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. முனைவர் பட்டக் குழு தரவு எடுக்கும் முன்பே கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் மாணவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம். அளக்கப்படுபவர் யார், ஒருவர் எத்தனை முறை அளக்கப்படுகிறார், யாருக்குள் யார் கொத்தாக இருக்கிறார்கள், முதன்மை அளவு எது, எவ்வளவு சிறிய வேறுபாடுவரை பொருட்படுத்துவோம், அதற்கு எத்தனை பேர் வேண்டும், எந்த ஒரு சோதனை, எப்போது நிறுத்துவோம். குழு அதைத் திருத்தி, கையெழுத்திட்டு, தேதியிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். முடிவு 0.31 என்று வந்தாலும் அந்த ஆய்வேடு ஏற்கப்படும் என்ற வரியும் அதே பக்கத்தில், அதே கையெழுத்துகளுக்கு மேலே இருக்க வேண்டும்.